காசு கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சமூகப் பிரச்சினைகளுக்கும் சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கும் தொழில்நுட்பத்தால் தீர்வு காண முனையும் ஸ்டார்ட்அப் நிறுவனங்கள் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே கருவி எவ்வளவு புதுமையானது, என்ன விருது கிடைத்தது, யார் முதலீடு செய்தார்கள் என்றுதான் பேசுகிறோம். பணம் யார் கையிலிருந்து வருகிறது என்பதைப் பற்றி நான் இன்று பேசப்போகிறேன். இந்த முயற்சிகள் நிலைப்பதும் பாதியில் படுத்துவிடுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சாதாரண வியாபாரத்தில் பொருளுக்குக் காசு கொடுப்பவர்தான் அதைப் பயன்படுத்துவார். சரியில்லை என்றால் மறுபடி அந்தப் பக்கம் வரமாட்டார். விற்றவருக்கு அது உடனே உறைக்கும். சமூகத்துக்கான ஸ்டார்ட்அப்களில் பல நேரம் பணம் தருவது நன்கொடையாளரோ அரசோதான். அந்தப் பொருளோடு தினமும் மல்லுக்கட்டுவது வேறு யாரோ. அவருடைய குறை பணம் தருபவரின் காதுக்குப் போய்ச் சேர வழியே இருக்காது.

தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய பிளேபம்ப் இதற்குத் தெளிவான உதாரணம். பிள்ளைகள் ராட்டினத்தில் ஏறிச் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே ஏறித் தொட்டியை நிரப்பும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை வைத்து, அந்த வருமானத்தில் பராமரிப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். கேட்பவர் யாருக்கும் பிடித்துப்போகும் யோசனை. 2006-இல் 1 கோடியே 64 லட்சம் டாலர் உதவி அறிவிக்கப்பட்டது. 2010-க்குள் 4,000 பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள்.

நடந்தது வேறு. பிள்ளைகளுக்கு விளையாட்டு சீக்கிரமே அலுத்துவிட்டது. குடத்தோடு வந்த பெண்கள் அந்தக் கனமான சக்கரத்தைத் தாங்களே சுற்ற வேண்டியதாயிற்று. சில இடங்களில் அதற்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைக் கழற்றியிருந்தார்கள். பழுதானால் ஊர்க்காரர்களே சரிசெய்ய முடியாது. வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். குக்கிராமத்தில் விளம்பரம் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. பிளேபம்ப் நிறுவனம் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 27 மணி நேரம் பிள்ளைகள் சுற்ற வேண்டும் என்று 2009-இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. அந்தப் பெண்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லியிருப்பார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சரி, பயன்படுத்துபவரே பணம் கொடுத்தால்? கென்யாவில் எம்-கோபா என்ற நிறுவனம் 2012 முதல் அதைத்தான் செய்தது. மண்ணெண்ணெய் விளக்கு எரிக்கும் குடும்பம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எண்ணெய்க்குச் செலவழிக்கும். சோலார் விளக்கின் முழு விலையை ஒரேயடியாகக் கொடுக்க அவர்களால் முடியாது. எம்-பெசா என்ற செல்போன் பணப் பரிமாற்ற முறை 2007-லேயே அங்கு வந்துவிட்டது. அதன் வழியாக முதலில் ஒரு சிறு தொகை, அப்புறம் தினசரித் தவணை. சோலார் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். தவணை கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் நிறுவனம் தொலைவிலிருந்தே அதைப் பூட்டிவிடும். கடனை அடைத்ததும் பெட்டி குடும்பத்துக்கே சொந்தம்.

இதில் இருக்கும் புத்திசாலித்தனத்தை நான் மதிக்கிறேன். விளக்கு கெட்டுப்போனால் தவணை நின்றுவிடும் என்பதால் நிறுவனம் பழுதுபார்த்தே தீர வேண்டும். ஆனால் அறுவடை பொய்த்த மாதத்திலோ, வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கும்போதோ அந்தப் பூட்டு விழுந்தால் வீடு இருட்டிவிடும். அந்த மாதிரி நேரத்துக்கு அவகாசம் கொடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். எதையும் தவணையில் கொடுக்கும் நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்வேன்.

எல்லாவற்றையும் பயன்படுத்துபவர் தலையில் கட்டவும் முடியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்ட தாயிடம் ரத்தம் கொண்டுவர எவ்வளவு தருவாய் என்றா கேட்பது? மலைநாடான ருவாண்டாவில் 2016 முதல் ஸிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன்கள் ரத்தம் கொண்டுபோகின்றன. பணம் தருவது அரசு. சிறகு வைத்த ட்ரோனை ஏவுகருவி உந்தி அனுப்பும். அது மருத்துவமனையில் இறங்காது. பெட்டியை பாராசூட்டில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டணுக்கள் ஐந்து நாள் போலத்தான் தாங்கும்; அவற்றைச் சிறிய மருத்துவமனை இருப்பு வைத்தால் வீணாகும், வைக்காவிட்டால் உயிர் போகும். தேவைப்படும்போது வரவழைக்கலாம் என்றானதும் அந்தத் திண்டாட்டம் குறைந்தது. காலாவதியாகி வீணாகும் ரத்தம் 67 சதவீதம் குறைந்ததாக 2022-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் ஆய்வு வெளியானது. இங்கே பணம் கொடுக்கும் அரசுதான் மருத்துவமனைகளையும் நடத்துகிறது. ட்ரோன் தாமதித்தால் கேள்வி கேட்க அதற்கு ஆளும் உண்டு, அக்கறையும் உண்டு.

கடைசியாக, பாதாள சாக்கடை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கக் கூடாது என்று இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் சாவுகள் தொடர்கின்றன. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் ஆபத்தை உணர்வதற்குள் மயங்கிவிடுவார். காப்பாற்றக் குதிப்பவரும் அப்படியே விழுவார்.

கேரளத்தில் பொறியியல் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் பாண்டிகூட் ரோபோ 2018-இல் திருவனந்தபுரத்தில் வேலைக்கு வந்தது. அது குழிக்குள் இறங்கிக் கால்களை விரித்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும், கையால் சகதியை வாரும். மேலே திரையைப் பார்த்தபடி ஒருவர் இயக்குவார். முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே அதை இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். இதை நான் மிகப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். உயிரும் பிழைத்தது, பிழைப்பும் போகவில்லை.

இதையும் வாங்குவது உள்ளாட்சி நிர்வாகம், இயக்குவது தொழிலாளி. உதிரி பாகம் கிடைக்காமல் ரோபோ ஒரு மூலையில் நின்றுவிட்டால், அடைப்பு எடுக்க ஒப்பந்ததாரர் மறுபடி ஆளைத்தான் தேடுவார். அதனால் டெண்டர் விதிகளில் ஒரு மாற்றம் வேண்டும். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஓராண்டு கழித்து, இயக்கும் தொழிலாளர்கள் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது என்று கையெழுத்துப் போட்ட பிறகே அதை நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் இருப்பவர்கள் யாராவது இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

நன்றி, வணக்கம்.