கல்லீரலுக்குள் ஒரு அத்திப்பழம்

புரோட்டாக் கடையில் உட்கார்ந்து "ரெண்டு ஆஃப்பாயில்" என்கிறோம். பாதி வெந்த என்ன வேணும் என்று எந்த மாஸ்டரும் கேட்டதில்லை, முட்டை என்ற சொல் எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. நான் இன்றைக்குச் சொல்லவந்ததும் அதே கதைதான், ஊர் மட்டும் ரோமாபுரி, முட்டை இருந்த இடத்தில் ஈரல்.

லத்தீனில் ஈரலுக்கு யேகுர் என்று பெயர். அங்கே வசதியானவர்கள் வாத்துக்கும் பன்றிக்கும் அத்திப்பழம் போட்டு வளர்ப்பார்கள், ஈரல் கொழுத்து வர வேண்டும் என்பதற்காக. பன்றிக்கு இதைச் செய்தவர் அப்பீசியஸ் என்ற சாப்பாட்டுப் பிரியர் என்று 1-ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். உலர்ந்த அத்தியை வயிறு முட்டத் தின்ற பன்றிக்குத் தேன் கலந்த மதுவைத் திடீரென்று குடிக்கக் கொடுப்பார்களாம், அதோடு அதன் கதை முடிந்தது. பாவம்தான், ஆனால் அந்த ஈரலுக்கு அவ்வளவு மவுசு. அதன் பெயர் யேகுர் ஃபிகாட்டும், அத்தி ஊட்டிய ஈரல். கிரேக்கர்கள் முன்பே அப்படிச் சொல்லிவந்ததைப் பார்த்து லத்தீனில் வார்த்த பெயர் அது.

அப்புறம் யேகுர் கழன்றது. மிச்சமிருந்த ஃபிகாட்டும், அதாவது வெறும் 'அத்தி ஊட்டிய', தட்டிலிருந்து இறங்கி மனிதர்களின் வயிற்றுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. இத்தாலியில் ஃபேகட்டோ, போர்ச்சுகலில் ஃபீகது, பிரான்சில் தேய்ந்து தேய்ந்து ஃப்வா. ஸ்பானியர்கள் முதலில் வரும் ஃப ஒலியை விழுங்கிவிடுவார்கள், அதனால் ஈகதோ. அத்திப்பழமும் அவர்களுக்கு ஈகோ (நம்ம ஈகோ இல்லை, பயப்படாதீர்கள்).

இத்தாலியில் ஒருவனுக்கு ஃபேகட்டோ இருக்கிறது என்றால் துணிச்சல்காரன். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் அதே ஈரல் இருந்தால் அவன் பயந்து கிடக்கிறான் என்று அர்த்தம்! ஈரக்குலை நடுங்கும் நாம் பிரெஞ்சுக்காரர் கட்சி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எனக்குப் பிடித்தது ருமேனியாதான். அங்கே ஈரல் ஃபிகாட். ஆனால் அத்திப்பழத்துக்கு ஸ்லாவிய மொழியிலிருந்து ஸ்மோகினா என்ற பெயர் வந்து சேர்ந்துவிட்டது. சந்தையில் ஸ்மோகினா கேட்டு வாங்குகிறவருக்கு அந்தப் பழத்தின் பழைய பெயர் தன் விலா எலும்புக்குக் கீழே இருப்பது தெரிய வழியே இல்லை.