கை முதலில் பேசும்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் ஒரு குட்டி அழுகிறது. அழட்டும், வெளியே கூட்டிப் போக வேண்டாம்.

பாலர் பள்ளியில் நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், பாட்டோடு கைச் சைகையும் சேர்த்து. "டீச்சர், சைகையைப் பழக்கினால் பிள்ளை பேசச் சோம்பல்படாதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். படாது. நாக்கு, உதடு, மூச்சு மூன்றும் இணங்கி வந்தால்தான் ஒரு சொல் பிறக்கும். கை அதற்கு முன்பே பழகிவிடுகிறது. காது கேளாத பெற்றோரிடம் வளரும் காது கேளாத குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் லாரா பெட்டிட்டோவும் பவுலா மேரன்டெட்டும் 1991இல் எழுதினார்கள். கையில் மழலை! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

குழந்தைப் பருவங்களைப் பாடும் நம் பிள்ளைத்தமிழில் தால், அதாவது தாலாட்டுப் பருவத்துக்கு அடுத்தது சப்பாணி, அதாவது கைகொட்டுவது. தாலாட்டிய வாய் ஓயுமுன்னே குழந்தையின் கை கேட்கப்படுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்வது? 'பல்', 'பால்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேகமான பேச்சில் குறிலும் நெடிலும் கலந்துவிடும். 'பாஆல்' என்று இழுத்துப் பாடிக் கையை மூடித் திறங்கள். 'பல்' என்று சட்டென நிறுத்திப் பல்லைத் தொடுங்கள். அம்மா அப்பா ஆங்கிலம் பேசும் வீட்டிலும் இது தாத்தாவுக்கும் பேரனுக்கும் பொதுவாகிவிடும்.

சைகையால் பிள்ளை மேதையாகும் என்று விற்பவர்களை நம்பாதீர்கள், அதற்கு உறுதியான சான்று இல்லை. இந்த நாலைந்து சைகைகள் சிங்கப்பூர்ச் சைகை மொழியும் ஆகாது. அது ஷாங்ஹாய், அமெரிக்கச் சைகைகளோடு நம் ஊர்ச் சைகைகளும் கலந்து வளர்ந்த முழு மொழி. அப்புறம், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குப் பாட்டுப் பாடியே காலம் தள்ள வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் உடனே காட்டுங்கள்.

முக்கியமானது, பாட்டின் நடுவே நிறுத்துவது. கைத்தொலைபேசிப் பாட்டு பிள்ளைக்காகக் காத்திருக்காது, நாம் காத்திருக்கலாம். என் வகுப்பில் ஒரு பையன் மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. கை மட்டும் பாட்டோடு ஆடும். ஒரு நாள் 'பால்' வரும் இடத்தில் நிறுத்திவிட்டேன். பத்து விநாடி இருக்கும். கை மூடித் திறந்தது. நான் அசையவில்லை. மறுபடி மூடித் திறந்தது, கூடவே மெதுவாக, "பா..." என்றான்.

'ல்' வர இன்னும் இரண்டு வாரம் ஆனது.