இந்தக் குன்று உங்களை ஏமாற்றுகிறது!

(திரையில்: பச்சைப் புல்வெளி, நடுவில் ஒரு குன்று.)

வணக்கம் மக்களே! இந்தக் குன்றைப் பார்த்தால் சும்மா வைத்ததுபோல இருக்கிறதல்லவா? இல்லை. உங்கள் காலைத் திருப்புவதற்கென்றே திட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் குன்று இருக்கும் வீடியோ விளையாட்டின் பெயர் 'செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்'. 2017 மார்ச்சில் நிண்டெண்டோ வெளியிட்டது. 100 ஆண்டுத் தூக்கம், இளவரசி, அரக்கன். கதை போதும், நகர்வோம்.

அதே ஆண்டு ஜப்பானில் நடந்த செடெக் என்ற விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் இதை உருவாக்கியவர்கள் குட்டை உடைத்தார்கள். நிலம் முழுக்க முக்கோணங்களாம்! முக்கோணத்தின் முன் நின்றால் ஏறலாம், சுற்றியும் போகலாம். எதைச் செய்தாலும் 'என் முடிவு' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வீர்கள். அத்துடன் முக்கோணம் பின்னால் இருப்பதை மறைக்கவும் செய்யும். பெரிய முக்கோணம் தூரத்து அடையாளம், நடுத்தரம் பார்வையை மறைப்பதற்கு, சின்னது நடைக்குத் தாளம். விளிம்பு சரிவாக இருப்பதால், நடக்க நடக்கப் பின்னால் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பார்க்கும். முதலில் ஒரு கோபுர நுனி. அதைப் பார்த்தபின் நேர்வழியில் போகிறவர் யார்? நான் போனதில்லை.

இது தெரிந்த பிறகு பினாங்கில் எனக்கு ஒழுங்காக நடக்க வரவில்லை. ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் எல்லாம் செவ்வகம். ஐந்தடி நடைபாதையில் போகும்போது கொம்தார் என்ற உயரமான கோபுரக் கட்டடம் இருக்கிற சுவடே தெரியாது. முனை திரும்பினால் முழுதாக எதிரில் நிற்கும். திடுக்கிடலாம், ஆனால் தேடிப் போகத் தோன்றாது. ஆயர் ஈத்தாம் பக்கம் வாருங்கள். மலைச்சரிவில், மரங்களுக்கு மேலே கெக் லோக் சி பௌத்தக் கோயில் பகோடாவின் நுனி. இன்னும் கொஞ்சம் போனால் அடுத்த அடுக்கு. சாப்பாட்டுக்கு வந்தவர்கூட மேலே ஏறிவிடுவார். என்னைக் கேட்டால் விளையாட்டு வடிவமைப்பின் முதல் வகுப்பை அங்கேதான் வைக்க வேண்டும்.

இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி, தூரங்களை உணர்வதற்குக் கியோத்தோவின் வரைபடத்தை விளையாட்டு நிலத்தின்மேல் வைத்துப் பார்த்தாராம். நல்லவேளை, பினாங்கை வைக்கவில்லை. வீரன் இன்னும் பாலத்து நெரிசலில் நின்றிருப்பான்.

இடிமழையில் இரும்பு வாளோடு நின்றால் மின்னல் தாக்கும் கதை தனி வீடியோவில்.

இப்போது உங்களுக்கு வேலை. கணினி வேண்டாம், ஒரு கட்டம் போட்ட தாள் போதும். உங்கள் தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியை, வரையுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் ஒரே ஒரு மேட்டை வையுங்கள், அதன் பின்னால் எதன் நுனி தெரிய வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். ரொட்டி சானாய் கடை வைத்தவர்களுக்கு முதல் பதில்.