டால்ஸ்டாயும் ஒரு அலுமாரியும்
(தோட்ட வாசகசாலை விழாவில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் கோயில் தலைவர் அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, அதிபர் அவர்களே, கொழுந்து நிறுத்த கையோடு மடுவத்திலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

வாழ்க்கை, காதல், மகிழ்ச்சி என்று மூன்று தலைப்பு தந்திருக்கிறார்கள். மகிழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. நுவரெலியா பஸ்ஸின் ஜன்னலில் தெரியும் பச்சை வேறு, அட்டைக்கடியோடு நிற்கிறவருக்குத் தெரியும் பச்சை வேறு. 'அன்னா கரீனினா' நாவலில் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் இரண்டையும் எழுதியிருக்கிறார். அன்னா கணவனை விட்டுத் தூரத்துப் பச்சையைத் தேடிப் போனவள். லெவின் பச்சைக்குள்ளேயே இறங்கியவன்.

லெவின் ஒரு பண்ணைத் துரை. ஒருநாள் நீண்ட பிடி அரிவாளோடு குடியானவர்களுக்கு நடுவே புல் அறுக்கப் போகிறான். 42 பேர் நிரை பிடித்து நிற்கிறார்கள். தீத் என்பவன் முன்னால், துரை அவன் பின்னால். துரைக்கு நிரை கோணுகிறது. பின்னாலிருந்து ஒருவர், "பிடி உயரம், பாரு எப்படிக் குனியிறாரு" என்கிறார். இன்னொருவர், "அடியை அழுத்துங்க" என்கிறார். (சிரிப்பு) சிரிக்கிறீர்கள்! புதுசாக மலைக்கு வந்த பிள்ளைக்குக் கூடைக்கயிறு நீளம் என்று நீங்கள் சொல்வதும் இதுதானே? இனி முடியாது, நிற்கச் சொல்லிக் கேட்கலாம் என்று துரை நினைக்கும்போதே தீத் தானாக நின்று அரிவாளைத் தீட்டுகிறான். ஒரு கிழவர் தகரத்தில் தண்ணீர் கொடுக்கிறார். துரு வாடை, மேலே புல் மிதக்கிறது. அதைப்போல ருசியான தண்ணீரை லெவின் குடித்ததே இல்லை. அறுக்கிற வழியில் காளான் கண்ணில் பட்டால் கிழவர் குனிந்து எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறார், வீட்டுக் கிழவிக்காம்! பொழுது போனதே லெவினுக்குத் தெரியவில்லை.

காதலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1862இல் டால்ஸ்டாய், தான் பிறகு மணந்த சோபியாவிடம் சீட்டு மேசையில் சாக்குக்கட்டியால் சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எழுதித் தன் மனதைச் சொன்னார். அதையே நாவலில் லெவினுக்கும் அவன் காதலி கிட்டிக்கும் கொடுத்துவிட்டார். ஆனால் 1910இல், 82 வயதில், அதே சோபியாவை விட்டு இரவோடிரவாக வீட்டிலிருந்து கிளம்பி, அஸ்தாபோவோ ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் உயிர் விட்டார். தூரத்துப் பச்சை, ஐயா!

வாழ்க்கையைப் பற்றி நாவலே சொல்லும். முதலில் இந்த நாவலை எங்கே வைத்துப் படிப்பது?

எட்டுப் பாகம். இரண்டு கிழமைக்கு ஒரு பாகம் என்று ஒருவர் உரக்க வாசித்தால் பதினாறு கிழமையில் முடியும். பாதியில் விடுகிறவர்கள் பெயர்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கான்ஸ்டான்டின் திமித்ரிச், கோஸ்தியா, லெவின் மூன்றும் ஒரே ஆள்தான். பெயர்ப் பட்டியல் எழுதி உள் அட்டையில் ஒட்டுங்கள்.

அடுத்தது பூஞ்சணம். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் சுவரின் ஈரம் முதுகுப் பலகையில் ஏறும். ஒரு சாண் தள்ளி, கால்களுக்குக் கீழே கல் வையுங்கள். பொலித்தீன் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், பிரவுண் பேப்பரே போதும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காதீர்கள், காற்று ஓட வேண்டும். வெயில் வந்தால் கதவைத் திறந்து வையுங்கள். புத்தகத்தை நேர் வெயிலில் போட்டால் தாள் பழுத்துவிடும்.

துரை அவர்களே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறை பூட்டியே கிடக்கிறது, அதை வாசகசாலைக்குத் தாருங்கள். கூரையில் இரண்டு தகரம் மாற்றினால் ஒழுகாது. சாவியை இந்த மேடையிலேயே தலைவரிடம் கொடுத்தால், தகரம் ஏற்ற ஆட்கள் இதோ வாசலில் நிற்கிறார்கள்.