தவணை நாளும் மாத்திரை நாளும்

நேயர்களுக்கு வணக்கம். திருவாரூர் மாவட்டத்துக் கிராமங்களில் 26 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். கூலி, கடன், மரியாதை இதெல்லாம் உடம்பை எப்படிப் பாதிக்கிறது என்று அங்கே எனக்குப் பிடிபட்டதை உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நடவு வேலைக்குப் போகும் ஓர் அம்மா. ரத்த அழுத்தம் 180க்கு 110. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கொடுத்த மாத்திரையில் பாதி அட்டையிலேயே இருக்கிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிர் மேல அக்கறை இல்லையா?" என்று சத்தம் போட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது நர்சம்மா. நடவு வயல்ல ஆம்பளைங்க நாத்து விளம்பிக்கிட்டு நிப்பாங்க. நான் எங்க போவேன்?"

சில பிரஷர் மாத்திரைகள் சிறுநீரை அதிகப்படுத்தும். இது எனக்குத் தெரியும். ஆனால் வயலோடு சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை. மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை மாற்றினோம், அழுத்தம் இறங்கியது. அன்றுதான் இன்னொன்றும் புரிந்தது: இதே பயத்தில் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று, நீர்க்கடுப்பு என்று திரும்பத் திரும்ப வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் கடன். குழுக்கடன் வாங்கிய வீடுகளில் தவணை நாளுக்கு முந்தின இரவு தூக்கம் கிடையாது. அறுவடை இயந்திரம் வந்தபிறகு வேலை நாள் குறைந்துவிட்டது. முன்பு அறுப்புக்கூலியாக நெல் வீட்டுக்கு வரும், கொஞ்ச நாளைக்காவது அடுப்பைப் பற்றிக் கவலை இருக்காது. இப்போது அரிசி ரேஷனில் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் தவணையை அரிசியில் கட்ட முடியாதே. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, குறுவை உண்டா என்று விவசாயி கவலைப்படுவது செய்தியில் வருகிறது. அதே கவலையில் நாற்று பறிக்கிறவரும் படுத்திருக்கிறார்.

பணக் கவலை புத்தியையே பிடித்துக்கொள்ளும். இதை நம் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் கை வறண்ட நேரத்தில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒரு முறையும், யோசனைத் திறனுக்கான சோதனைகள் வைத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். பணம் வருவதற்கு முன் தவறு கூடுதல், வேகம் குறைவு. 2013-ல் வந்த ஆய்வு இது. கடனில் இருக்கிறவர் மாத்திரையை மறக்கிறார், மருத்துவமனைக்கு வரச்சொன்ன தேதியை மறக்கிறார் என்றால், அவர் பொறுப்பில்லாதவர் என்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

உடம்பு கெடுவதற்கு வறுமை மட்டும்தான் காரணமா என்றால், அதுவும் இல்லை. லண்டனில் 1967-ல் தொடங்கி அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். எல்லோருக்கும் நிரந்தரச் சம்பளம், இலவச மருத்துவம். அப்படியும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்தது மேலதிகாரிகளைப் போல மூன்று மடங்கு. புகைபிடிப்பது போன்ற பழக்கங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் போகவில்லை. பின்னால் நடந்த ஆய்வில், தன் வேலையில் தனக்குச் சொல்லுரிமை இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று தெரிந்தது.

நம் பக்கத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. கூலியும் மரியாதையும் இங்கே எப்போதும் சேர்த்துக் கேட்கப்பட்டவை. தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும், சவுக்கடியும் ஒழிய வேண்டும் என்று இங்கே போராடினார்கள். கூலிப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற மண் இது. வயதில் மூத்தவரை இன்னமும் "வாடா, போடா" என்று வேலைக்குக் கூப்பிடும் இடம் இருக்கிறது. அந்த மனிதர் சாயங்காலம் டாஸ்மாக் வாசலில் நிற்கும்போது நாம் குடியை மட்டும் பார்க்கிறோம். குடி உடம்பைக் கெடுக்கும், குடும்பத்தையும் கெடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் அவரிடம் யார் எப்படிப் பேசினார்கள் என்று நான் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அவர் என்னிடம் வாய் திறந்தார்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டாம், பெரிய விஷயம். மாத்திரை கொண்டுபோகிற தங்கைகளுக்குச் சொல்கிறேன்: "ஏன் போடலை?" என்று கேட்பதற்கு முன், "இந்த வாரம் எத்தனை நாள் வேலை? தவணை என்னைக்கு?" என்று கேளுங்கள்.

நிலம் வைத்திருக்கிற அண்ணன்மாரே, கூலியைச் சொன்ன நாளில் கொடுங்கள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பெண்கள் ஒதுங்க நாலு கம்பு நட்டுப் பச்சை வலை கட்டி, ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் அப்படிச் செய்தார். அடுத்த நடவுக்குப் பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு வரப்பில் இறங்கினார்கள்.