முதலில் கதவைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காரில் பாட்டு நன்றாகக் கேட்க என்ன வாங்கலாம் என்று பேச அழைத்தார்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வந்தேன். என் கார் ஆடியோ கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது கம்பெனி பேரைத்தான். அடுத்த கேள்வி, "எத்தனை வாட்ஸ்ண்ணே?" தன் கார் கதவு எப்படி இருக்கிறது என்று கேட்கிறவர் அபூர்வம். அப்படி ஒருவர் வந்தால் டீ சொல்லி உட்கார வைத்துப் பேசுவேன்.

சரி, வாட்ஸை முதலில் முடித்துவிடுவோம். பாட்டுப் போடும் செட் வரும் அட்டைப்பெட்டியில் 50 வாட்ஸ், நாலு சேனல், அதாவது நாலு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாக, என்று பெரிதாகப் போட்டிருக்கும். அந்த 50 எங்கிருந்து வந்தது? என்ஜின் ஓடும்போது காரில் இருப்பது சுமார் 14.4 வோல்ட். ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்துப் பாருங்கள், 51 சொச்சம் வரும். கணக்கு சரிதான். ஆனால் அந்த அளவுக்கு முடுக்கினால் பாட்டு கிழிந்து கரகரவென்று வரும். கிழியாமல் பாட, கணக்குப்படியே அதில் பாதிதான். செட்டுக்குள் வீணாவது போக, கைக்குக் கிடைப்பது சேனலுக்கு 20 வாட்ஸ் பக்கம். அதனால் பெட்டியில் 'ஆர்.எம்.எஸ்.' என்று, தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவரைச் சின்னதாகப் போட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். 'மேக்ஸ்', 'பீக்' என்று கொட்டை எழுத்தில் இருப்பதைத் தாண்டிப் போய்விடுங்கள்.

அந்த 20 வாட்ஸ் போதுமா? ஸ்பீக்கரைப் பொறுத்தது. ஸ்பீக்கர் பெட்டியில் சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஒரு எண் இருக்கும், கொடுத்த பவருக்கு எவ்வளவு சத்தமாகப் பாடும் என்பதற்கு. அதில் 3 கூடினால், அதே சவுண்டுக்குப் பாதி பவர் போதும். 86 போட்ட ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற பவரில் நாலில் ஒரு பங்கு கொடுத்தாலே 92 போட்டது அதே அளவு பாடும். ஆம்ப், அதாவது பவரைக் கூட்டித் தரும் தனிப் பெட்டி, வாங்குகிற உத்தேசம் இல்லாதவர்கள் வாட்ஸ் எண்ணைவிட இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

இப்போது கதவுக்கு வருகிறேன். அதற்குத்தான் வந்தேன்.

ஒரு பெரியவர், கோயில் கோயிலாக நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர், சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே வரும் பெரிய ஸ்பீக்கர், வேண்டும் என்று வந்தார். வேறொரு கடையில் முன் கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். "தவில்ல விரல் கூடு பக்கம் டக்டக்னு கேக்குது தம்பி, குச்சிப் பக்கத்தக் காணோம்" என்றார். எவ்வளவு துல்லியமான புகார் பாருங்கள்! தாழ்ந்த ஒலியான பேஸ் இல்லை, உயர்ந்த ஒலியான ட்ரெபிள் இருக்கிறது என்பதைத் தவில் பாஷையில் சொல்லிவிட்டார். பெரியவரை உட்கார வைத்து, செட்டில் பேலன்ஸை முழுக்க இடது பக்கம் தள்ளினேன். குச்சி அடி வந்தது. முழுக்க வலது பக்கம் தள்ளினேன். அப்போதும் வந்தது. நடுவில் வைத்தேன், போய்விட்டது. "எங்க தம்பி போகுது?" என்றார்.

ஒரு பக்கத்து ஸ்பீக்கருக்கு ப்ளஸ், மைனஸ் ஒயர் மாறியிருந்தது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது. தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கதவின் உள்பக்கத்து மூடியான டோர் பேடைக் கழற்றி இரண்டு ஒயரை மாற்றியதும் தவில் முழுசாக வந்தது. சப்வூஃபர் வாங்காமலே போனார். எனக்கு வியாபாரம் போச்சு, ஆனால் இன்றைக்கும் தெரிந்தவர்களை அனுப்புகிறார்.

இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம், அதனால் திரும்பவும் சொல்கிறேன். பேலன்ஸ் முழுக்க இடது, முழுக்க வலது, பிறகு நடு. நடுவில் வைக்கும்போது பேஸ் அதிகமாக வேண்டும். குறைந்தால் ஒயர் மாறியிருக்கிறது.

ஒயர் சரியாக இருந்தும் பேஸ் வராத கார் நிறைய உண்டு. காரணம் கதவு. டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கை நுழைகிற அளவு ஓட்டைகள் இருக்கும், மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கரின் பின்பக்கத்து ஒலி அந்த ஓட்டை வழியாக வந்து முன்பக்கத்து ஒலியைத் தின்றுவிடும். மிருதங்கத்தில் தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பலாக்கட்டை விரிசல் விட்டிருந்தால் நாதம் எங்கே வரும்? இங்கே கதவுதான் கட்டை. ஓட்டைகளை அடைத்து, அதிர்கிற தகட்டின் மேல் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை அழுத்தி ஒட்டினால், காரோடு வந்த கம்பெனி ஸ்பீக்கரே வேறு மாதிரி பாடும். கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகளை மட்டும் அடைக்காதீர்கள்! கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் அதில்தான் வெளியே போக வேண்டும். அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

பின்னால் ஸ்பீக்கர் வேண்டாமா என்பார்கள். மாருதி 800, அம்பாசிடர் காலத்தில் பின் கண்ணாடிக்குக் கீழே நீள்வட்ட ஸ்பீக்கர் இரண்டு வைத்தோம், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. பாடுகிறவர் நமக்கு எதிரே உட்கார்ந்துதானே பாடுகிறார், முதுகுக்குப் பின்னால் இல்லையே. பணம் அளவாக இருந்தால் முன் கதவுக்கே போடுங்கள். 6.5 இஞ்சில், உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், அதாவது ட்வீட்டர், தனியாக வருகிற காம்போனென்ட் ஜோடி. பின் ஸ்பீக்கர் இருக்கிறபடி இருக்கட்டும்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. ஆம்ப், சப்வூஃபர் எல்லாம் பாக்கி! அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆம்ப் வைத்தால் பேட்டரியிலிருந்து வரும் ஒயருக்கு ஃபியூஸ், பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். ஆம்ப் பக்கத்தில் இருப்பது போதாது. அந்த நீள ஒயர் வழியில் எங்காவது உரசி கார் பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். ஒயரை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், மேலேதான் செம்பு. அதே கனத்தில் அது செம்பு அளவுக்குக் கரண்ட் தாங்காது. புதுக் காராக இருந்தால் காரோடு வந்த கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள், வெட்டாமல் சொருகி இணைக்கிற கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சப்வூஃபரை இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.