காணாமல் போன காகபாதம்

நேயர்களுக்கு வணக்கம். ரத்தினங்களைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்தார் கூப்பிட்டபோது கோஹினூர், மயிலாசனம் என்று ஏதாவது சொல்வேன் என நினைத்திருப்பார்கள். அதெல்லாம் நீங்கள் பல முறை கேட்ட கதை. நான் எங்கள் பாட்டியின் ஏழுகல் தோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

என் ஊர் திருச்சி. அப்பா செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுபவர். ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு சாணை சுற்றும் சத்தம் கேட்கும். மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகும் சின்னச் சின்னக் கற்களை வீட்டுத் திண்ணையிலேயே தீட்டுவார்கள். அப்படிப்பட்ட வீட்டில் அசல் வைரம் என்று இருந்தது பாட்டியின் காதில் மட்டும்தான்.

ஏழுகல் தோடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் ஏழு ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. ஆறும் நடுக்காசைத் தொட்டுக்கொண்டு, ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, இடுக்கு இல்லாமல் கச்சிதமாக உட்காரும். ஒரே அளவு வட்டங்கள் என்றால் ஆறுதான் பிடிக்கும். ஐந்து வைத்தால் இடம் மிஞ்சும், ஏழு நுழையாது. இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத ஆசாரிகள் விரல் நுனியில் வைத்திருந்தார்கள். ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரு கல் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் வட்டம் கோணிவிடும். நிறமும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு காதுக்கும் சேர்த்துப் பதினான்கு கல். பதினான்கையும் ஜோடி சேர்ப்பதற்குள் வியாபாரிக்கு மாதக்கணக்கில் ஆகிவிடும்.

பாட்டி தன் தோட்டை 'ப்ளூ ஜாகர்' என்பாள். நம் ஊரில் பழைய வைரம் வைத்திருக்கும் வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஏதோ வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்ஃபான்டெய்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஜாகரின் ஊற்று என்று பொருள். 1870-இல் அங்கே வைரம் கிடைத்தது. 1893-இல் அதே சுரங்கத்தில் கிடைத்த எக்ஸெல்சியர் என்ற கல், 1905-இல் கல்லினன் வரும்வரை உலகத்திலேயே பெரிய வைரமாக இருந்தது. அந்தச் சுரங்கத்துக் கற்களில் பலவற்றுக்கு ஒரு குணம் உண்டு: வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் உள்ளிருந்து மெலிதாக நீலம் கசியும். கல்லில் இருக்கும் இலேசான மஞ்சளை அந்த நீலம் அடித்துவிடும்; பார்க்கப் பால் வெள்ளையாக இருக்கும். நாளடைவில் எந்தச் சுரங்கத்துக் கல்லானாலும் நீலம் காட்டினால் ஜாகர் என்று கடைகளில் சொல்ல ஆரம்பித்தார்கள். வைரம் வாங்கப் போகிறவர்கள் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பது இதனால்தான். இன்னும் சிலர் வீட்டுக்கு எடுத்துப்போய், ராத்திரி தலைமாட்டில் வைத்துத் தூங்கி, கெட்ட கனவு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பார்கள். பாட்டி வீட்டிலும் மூன்று ராத்திரி வைத்துப் பார்த்தார்களாம். கனவே வரவில்லை.

ஆனால் வலது தோட்டில், கீழ்க் கல்லில், காகபாதம் இருந்தது. கல்லுக்குள்ளே சின்ன விரிசல். மூன்று கீற்றாகப் பிரிந்து, காக்கை மண்ணில் மிதித்துவிட்டுப் போன தடம் போல. கண்ணை இடுக்கிப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைக் கீறலாகத் தெரியும். வேண்டவே வேண்டாம் என்று பாட்டியின் மாமியார் சொன்னதாகவும், விலையைக் குறைத்ததால் தாத்தா வாங்கியதாகவும் வீட்டில் ஒரு வழக்கு வெகுநாள் நடந்தது.

இந்தச் சொல் எவ்வளவு பழசு தெரியுமா? சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். ரத்தினக் கடைத்தெருவில் குற்றமில்லாத வைரங்கள் இருக்கின்றன. என்னென்ன குற்றம் இல்லையாம்? 'காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும்.' விரிசல், கறை, புள்ளி, கோடு. இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் பத்து மடங்கு காட்டும் லென்ஸை வைத்துக்கொண்டு வைரத்தைத் தரம் பிரிப்பவர் தேடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். வெறும் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, பாட்டி கதைக்கு வருகிறேன். எனக்குப் பதினொரு வயது இருக்கும். தோட்டில் ஒரு கல் ஆடுகிறது என்று, அதை இறுக்கி மெருகு போட ஒரு கடையில் கொடுத்தார்கள். கடையின் பெயர் வேண்டாம். ஒரு வாரம் கழித்துத் தோடு வந்தது, பளபளவென்று. பாட்டி வழக்கம்போல முற்றத்துக்கு எடுத்துப் போனாள். வெயிலில் இப்படி அப்படித் திருப்பினாள். அப்புறம் திண்ணைப் பக்கம் வந்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இது என் தோடு இல்லடா."

"என்னம்மா ஆச்சு?"

"கல்லு சுத்தமா இருக்கு."

நாங்கள் சிரித்தோம். கல்லில் குற்றம் வந்துவிட்டது என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறோம், குற்றத்தைக் காணோம் என்று சொன்னது பாட்டி ஒருத்திதான். அப்பா சிரிக்கவில்லை. சாணையை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கல்லோட மேலே பாக்காத. மேல் வழியா அடியில இருக்கிற பட்டையோட விளிம்பைப் பாரு. ஒரு கோடா, ரெண்டா?"

ரெண்டு. ஒவ்வொரு விளிம்பும் தண்டவாளம் மாதிரி ஜோடியாகத் தெரிந்தது. பக்கத்துக் கல்லைப் பார்த்தேன், ஒற்றைக் கோடு. வைரத்துக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரியாது. சிர்கான் என்று ஒரு கல் இருக்கிறது; அதற்குள் போனால் இரண்டாகப் பிரிந்துவிடும். நிறமில்லாத சிர்கானுக்கு வைரத்தைப் போலவே ஜொலிப்பு உண்டு. இலங்கையில் தெற்கே மாத்தறைப் பக்கம் நிறையக் கிடைத்ததால் அந்தக் காலத்தில் 'மாத்தறை வைரம்' என்றே விற்றிருக்கிறார்கள். பாட்டியின் தோட்டில் பதின்மூன்று வைரமும் ஒரு மாத்தறை வைரமும் இருந்தன.

அப்பாவும் பாட்டியும் கடைக்கு நடையாய் நடந்தார்கள். "பட்டறையில மாறியிருக்கும்" என்றார்கள் கடைக்காரர்கள். மாறியதா, மாற்றினார்களா என்பது கடைசிவரை தெரியவில்லை. இதைவிடச் சுத்தமான வைரமே பதித்துத் தருகிறோம் என்றார்கள். பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. என் கல்லைக் கொடு என்று கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது வாரம் ஒரு பொட்டலத்தில் பொடிக்கற்களைக் கொண்டுவந்து, இதில் இருக்கிறதா பாருங்கள் என்று அவள் முன் கொட்டினார்கள். வெள்ளைக் காகிதத்தில் நாற்பது ஐம்பது கல். அவள் லென்ஸ் கேட்கவில்லை. காகிதத்தோடு வாசலுக்குப் போய் நின்றாள். சுண்டு விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினாள். அப்பா லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூன்று கீற்று.

அந்த வருஷம்தான் நான் கல் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அன்று முதல் எந்தக் கல்லை எடுத்தாலும் முதலில் தேடுவது அதன் குற்றத்தைத்தான். கல் எங்கிருந்து வந்தது என்பதை அதுதான் சொல்லும். அப்பா தீட்டிய செயற்கை மாணிக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சில் வெர்னாய் என்பவர் 1902-இல் வெளியிட்ட முறை அது: அலுமினா பொடியைக் கொழுந்துவிட்டு எரியும் வாயுச் சுடர் வழியாகத் தூவினால், உருகி விழுந்து சொட்டுச் சொட்டாக ஒரு கட்டியாக வளரும். வேதியியலில் அது அசல் மாணிக்கமேதான். உள்ளே பார்த்தால்தான் வித்தியாசம். பூமிக்குள் வளர்ந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடும், கோணத்தில் திரும்பும். சுடரில் வளர்ந்ததில் கோடுகள் வளைந்திருக்கும், பழைய கிராமபோன் தட்டில் இருப்பது போல. கூடவே உருண்டையான காற்றுக் குமிழிகளும் இருக்கலாம்.

குற்றமே அழகாகிவிடுவதும் உண்டு. நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 563 காரட் எடையுள்ள நட்சத்திர நீலக்கல் ஒன்று இருக்கிறது. ஜே. பி. மோர்கன் 1900-இல் கொடுத்தது. பெயர் 'ஸ்டார் ஆஃப் இந்தியா'. தோண்டி எடுத்தது இலங்கையில். 1964 அக்டோபரில் ராத்திரியோடு ராத்திரியாக அதைத் திருடிவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் மயாமி பேருந்து நிலையத்தில் ஒரு பெட்டகத்துக்குள் கிடந்தது. அந்தக் கல்லின் மேல் மிதக்கும் ஆறு கால் நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? கல்லுக்குள் மயிரிழையை விட மெல்லிய, ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள் மூன்று திசையில் அடுக்கி நிற்கின்றன. ஒளி பட்டால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கோடு. வியாபாரிகள் இந்த ஊசிகளைப் 'பட்டு' என்பார்கள். இந்த ஊசி கண்டபடி இருந்தால் கல் பால் கலந்தது போல மங்கிவிடும். இலங்கையில் அப்படிப்பட்ட கல்லை கெவுடா என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1970-களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைச் சல்லி விலைக்கு அள்ளிக்கொண்டு போய், உலையில் கடுமையாகச் சூடேற்றி, ஊசிகளைக் கரைத்து, நல்ல நீலக்கல்லாக விற்றார்கள். இப்போது பட்டு கலையாமல் இருந்தால் அதுதான் சூடு படாத கல் என்பதற்குச் சாட்சி, விலையும் கூடும். வியாபாரத்தின் நியாயம் இப்படித்தான் திரும்பும்.

தோட்டைப் பற்றி ஒரு வீட்டுக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன். வைரம் மங்கிவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். வைரம் தண்ணீரோடு ஒட்டாது, எண்ணெயை விடாது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் நசுக்கிய பாறையைத் தண்ணீரோடு கிரீஸ் தடவிய மேசை மேல் ஓடவிட்டார்கள். மற்றக் கல்லெல்லாம் வழுக்கிப் போக, வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டி நின்றது. உங்கள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயும் தோட்டுக்குப் பின்னால் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீர், பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ், அது போதும். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய தோடாக இருந்தால் ஊறப்போடாதீர்கள். உள்ளே ஈரம் போனால் கல் கருத்துத் தெரியும். அப்புறம் திருகாணியைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போடுங்கள். வைரத்தைவிடத் திருகாணியைத் தொலைத்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

பாட்டிக்குப் பிறகு தோடு அம்மாவிடம் வந்தது. அம்மாவும் விருந்தாளிகளிடம் பதினாலும் ப்ளூ ஜாகர் என்றே சொல்லி வருகிறார். போன தீபாவளிக்கு முன்பு கழுவித் தருகிறேன் என்று வாங்கிப் போய், என் மேசையில் புற ஊதா விளக்குக்கு அடியில் வைத்து அறை விளக்கை அணைத்தேன். இருட்டில் பதின்மூன்று கல் நிலவு மாதிரி நீலமாக ஒளிர்ந்தன, கொஞ்சம் கூடவும் குறையவும். வலது தோட்டில், கீழே, ஒரே ஒரு இடம் இருட்டாக இருந்தது. காகபாதக் கல். அந்தக் காலத்து வியாபாரிக்குப் பதினாலாவது கல்லுக்கு ஜோடி கிடைக்காமல், எங்கிருந்தோ ஒன்றை எடுத்துச் சேர்த்திருக்கிறார். விலையைக் குறைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

விளக்கைப் போட்டேன். தோட்டைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த நேரத்தில் அவர் சமையற்கட்டில் வானொலியைப் போட்டிருப்பார். வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கிறது.

வணக்கம்.